சரிவில் வீட்டுமனை: கோடையில் நிற்கும் மண் ஐப்பசியில் ஏன் இறங்குகிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால் பரவாயில்லை, அசையாமல் அங்கேயே நின்றுவிட்டது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மறுநாள் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவின் மண்ணும் பாறையும் வீட்டின்மேல் இறங்கியதில் 7 பேர் இறந்தார்கள். வயநாட்டுப் பேரழிவும் அதே ஆண்டு ஜூலை 30 அன்று நடந்ததுதான்.

இதற்கெல்லாம் பிறகு கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மனை பார்ப்பவர்களிடம் இரண்டு விதப் பேச்சைக் கேட்கலாம். "இங்கே மலையே கிடையாது, நமக்கு எதற்கு இந்தக் கவலை?" என்பது ஒன்று. "கேப்பர் மலைப் பக்கம் மனையே வாங்காதே" என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரப் பேச்சு. மேட்டு நிலத்தில் வீடு கட்டலாம், நன்றாகவே கட்டலாம். தாழ்வான இடத்தில் வெள்ளத்தில் மிதப்பதைவிட அது மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சமதளத்தில் லேஅவுட் போடும் அதே முறையைச் சரிவுக்குக் கொண்டுபோனால் சிக்கல்தான். ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நம்மூர் மேடு எதனால் ஆனது?

கடலூர் நகருக்குத் தென்மேற்கே, கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் செம்மண் மேடுதான் கேப்பர் மலை. புதுச்சேரிப் பக்கம் வந்தால் கோரிமேடு, லாஸ்பேட்டை, அதற்கும் வடக்கே ஆரோவில் அமைந்திருக்கும் மேட்டுநிலம். மலை என்று பெயர் இருந்தாலும் உயரம் சில பத்து மீட்டர்தான். மேலே ஏறிவிட்டால் கிட்டத்தட்ட சமதளம், முந்திரித் தோப்பு, செம்மண் சாலை. சரிவு எல்லாம் ஓரங்களில்தான் இருக்கிறது. மழைநீர் அறுத்த ஓடைகளின் இரு கரைகளிலும் இருக்கிறது.

புவியியலாளர்கள் இந்தப் பாறைக்குக் கொடுத்த பெயரே கடலூர் மணற்கல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இந்த அடுக்குகளுக்கு நடுவேதான் கிடக்கிறது. திருவக்கரைக் கல்மரங்களும் இதே பாறையிலிருந்து வெளிப்பட்டவைதான். மணல், கூழாங்கல், களிமண் என்று மாறி மாறிப் படிந்து, இரும்புச் சத்தால் சிவந்து, அரைகுறையாக இறுகியது. பல இடங்களில் கடப்பாரைக்கே இடம் கொடுக்கும். ஜேசிபிக்குக் கேட்கவே வேண்டாம்.

திருவண்ணாமலை, வயநாடு போன்ற இடங்களில் அடியில் கடும்பாறை, அதன்மேல் மண்ணும் உருண்டைக் கற்களும் ஒரு படலமாக ஒட்டியிருக்கின்றன. பெருமழையில் அந்தப் படலம் பாறைமேல் வழுக்கிக்கொண்டு கீழே பாயும். நம்மூர் மேட்டில் மேலிருந்து கீழ்வரை மேடே அரைக்கல்தான். அதனால் இங்கே ஒரு மலைமுகடு பெயர்ந்து ஊர்மேல் விழுவது கவலை அல்ல. செங்குத்தாக வெட்டிய மண்முகம் இடிவது, ஓடை ஒவ்வொரு மழைக்கும் பின்னால் நகர்ந்து மனையைத் தின்பது, தாங்குசுவர் கவிழ்வது: இவைதான் இங்கே நடக்கக்கூடியவை. சிறியவைதான், ஆனாலும் வீட்டுக்காரருக்கு வீடு போனால் போனதுதான்.

சரிவை எப்படி அளப்பது?

விளம்பரத்தில் "லேசான சரிவு" என்று இருக்கும். அதற்குப் பொருள் எதுவும் கிடையாது. சரிவை விகிதமாகச் சொல்வதுதான் வசதி. 1:5 என்றால் 5 அடி தள்ளி நடந்தால் 1 அடி உயரம் மாறுகிறது. இதையே 20 விழுக்காடு என்றும், சுமார் 11 டிகிரி என்றும் சொல்லலாம். 45 டிகிரி என்பது 100 விழுக்காடு. விழுக்காட்டையும் டிகிரியையும் குழப்பிக்கொண்டு பேசுவது தரகர்களிடம் மட்டுமல்ல, சில வரைபடங்களிலும் உண்டு.

நடைமுறையில் வீட்டுமனைக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். இது சட்டம் இல்லை, கைக்கணக்கு.

1. 1:10 வரை: சாதாரண லேஅவுட் முறையே போதும், வடிகால் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

2. 1:10 முதல் 1:5 வரை: மனைகள் படிப்படியாக இறங்க வேண்டும். சாலை எந்தத் திசையில் போகிறது என்பதே இங்கே பாதித் தீர்ப்பு.

3. 1:5 முதல் 1:3 வரை: ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வடிவமைப்பு வேண்டும். "30-க்கு 40 சமதள மனை, வரிசையாக 60" என்ற வியாபாரம் இங்கே பொருந்தாது.

4. அதற்கும் மேல்: மரங்களுக்கு விட்டுவிடுவது நல்லது.

சராசரிச் சரிவு ஏமாற்றும். 5 ஏக்கர் நிலத்தில் மேல் 4 ஏக்கர் சமதளமாகவும் கடைசி 1 ஏக்கர் ஓடைக்கரையாகவும் இருந்தால் சராசரி அழகாகத்தான் வரும். அந்தக் கடைசி ஏக்கரில் மனை வாங்கியவருக்குச் சராசரியால் பயனில்லை. எனவே டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் உயரத்தையும் அளக்கும் நில அளவைக் கருவி) வைத்து அரை மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு வரைந்த வரைபடம் முதலில் வேண்டும். சமஉயரக் கோடு என்பது ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைக்கும் கோடு. கோடுகள் நெருங்கினால் சரிவு அதிகம், விலகினால் குறைவு. கிராம நிர்வாக அலுவலகத்தில் கிடைக்கும் புலப்படத்தில் எல்லைகள் இருக்கும், உயரம் இருக்காது. சரிவான நிலத்துக்குப் புலப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு லேஅவுட் வரைவது பாதி நிலத்தைப் பார்க்காமல் வரைவதுதான்.

மண் ஏன் நிற்கிறது, ஏன் இறங்குகிறது?

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சரிவில் இருக்கும் மண்ணை அதன் எடை கீழே இழுக்கிறது. மணற்துகள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதால் வரும் பிடிப்பும், களியும் இரும்புச் சத்தும் தரும் ஒட்டுதலும் அதைத் தடுக்கின்றன. தடுக்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. 1 என்றால் விளிம்பில் நிற்கிறது. பொறியாளர்கள் பொதுவாக 1.5-ஐ எதிர்பார்ப்பார்கள்.

இதில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கடலூர் சில்வர் பீச்சில் குழந்தைகள் ஈர மணலில் கோபுரம் கட்டுவார்கள். நன்றாக நிற்கும். அலை வந்து தொட்டால் கரைந்துவிடும். துகள்களுக்கு நடுவே கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும்போது அந்த நீர் துகள்களை உறிஞ்சி இழுத்துப் பிடிக்கிறது. நீர் முழுவதும் நிறைந்துவிட்டால் அந்த உறிஞ்சல் போய்விடும். போவதோடு நிற்காமல், நீர் துகள்களை விலக்கித் தள்ளவும் தொடங்கும்.

செம்மண் மேட்டில் நடப்பதும் இதுவேதான். சித்திரையில் ஜேசிபி 12 அடி செங்குத்தாக வெட்டிவிட்டுப் போகிறது. வைகாசி, ஆனி, ஆடி என்று நின்றுகொண்டே இருக்கிறது. "பாருங்கள், பாறை மாதிரி நிற்கிறது, சுவரே தேவையில்லை" என்று காட்டுகிறார்கள். அது பாறையின் பலம் இல்லை. பெரும்பகுதி உறிஞ்சல் தந்த கடன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கும்.

ஒரு தோராயக் கணக்கு. உரசல் கோணம் (துகள்களின் உரசல் பிடிப்பைக் காட்டும் அளவு) 32 டிகிரி உள்ள மணற்பாங்கான மண், சரிவு 1:2.5. ஒட்டுதலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் காய்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி சுமார் 1.55. அதே சரிவில் நீர் மேல்மட்டம்வரை நிறைந்து சரிவுக்கு இணையாகக் கசிந்தால் அது 0.75 அளவுக்கு இறங்கிவிடும். மண் அதுவே, கோணம் அதுவே. தண்ணீர் மட்டும் வந்தது. பாதுகாப்பு பாதியாகிவிட்டது.

இதோடு கடலூர் மணற்கல்லுக்கே உரிய ஒரு வில்லங்கமும் இருக்கிறது. மணல் அடுக்கில் இறங்கும் மழைநீர் அடியில் களிமண் அடுக்கைத் தொட்டதும் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் நகரும். சரிவு முகத்தில் அந்த அடுக்கு வெட்டுப்படும் இடத்தில் ஊற்றாக வெளிவரும். வரும்போது மணலையும் கொண்டுவரும். உள்ளே பொந்து விழும், மேலே இருக்கும் மண் ஆதரவின்றித் தொங்கும், ஒரு நாள் பாளமாக விழும். மழை நின்று சில நாள் கழித்து, வெயில் அடிக்கும்போது மண் இடிவது இதனால்தான். நீர் உள்ளே நடந்து வந்து சேர அவ்வளவு நாள் ஆகிறது.

எவ்வளவு தண்ணீர்?

1 ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டருக்குச் சற்று மேல். ஃபெஞ்சல் அன்று பெய்த 46 சென்டிமீட்டரை வைத்தால் ஏக்கருக்கு 18 லட்சம் லிட்டரைத் தாண்டும். 5 ஏக்கர் லேஅவுட்டில் 93 லட்சம் லிட்டர், அதுவும் ஒரே நாளில்.

மொத்த அளவைவிட வேகம்தான் முக்கியம். மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் மழை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஏக்கர் முந்திரித் தோப்பில் மழையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஓடி வெளியேறும். விநாடிக்குச் சுமார் 170 லிட்டர். அதே இடம் கூரை, சிமென்ட் சாலை, டைல்ஸ் போட்ட வாசல் என்று மாறினால் முக்கால் பங்குக்கு மேல் ஓடும். விநாடிக்கு 450 லிட்டர் வந்துவிடும். தோப்பு இருந்தபோது ஓடைக்குப் பழகிய அளவு 170. இப்போது அதே ஓடை 450-ஐ ஏற்க வேண்டும். கரை அரிக்காமல் என்ன செய்யும்?

ஆரோவில் தொடங்கிய 1968-இல் அந்த மேட்டுநிலம் மரமில்லாமல் அறுபட்டுக் கிடந்தது. மழைநீர் செம்மண்ணை வாரிக்கொண்டு கடலுக்குப் போனது. வரப்பு போட்டு, ஓடைகளில் தடுப்பணை கட்டி, மரம் வைத்துத்தான் அதை நிறுத்தினார்கள். இதே செம்மண்ணில், இதே மழையில் நடந்த வேலை என்பதால் நம்மூர் புரோமோட்டர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள அதைவிட அருகில் வேறு இடம் கிடையாது. மாநாட்டுக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை.

வெட்டலும் நிரப்பலும்

சரிவில் சமதளம் வேண்டுமென்றால் மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் கொட்ட வேண்டும். 30-க்கு 40 அடி மனை, நீளப் பக்கம் சரிவோடு இறங்குகிறது, சரிவு 1:5 என்றால் மனையின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 8 அடி வித்தியாசம். 4 அடி வெட்டு, 4 அடி நிரப்பு. வெட்டும் மண் 1,200 கன அடி, லாரிக்காரர் கணக்கில் 12 யூனிட்.

அதே வீட்டை 20 அடி ஆழமுள்ள இரண்டு தளங்களாகப் பிரித்து, நடுவில் 4 அடி இறக்கம் விட்டு, ஹாலிலிருந்து படுக்கையறைக்கு ஆறேழு படி இறங்குகிற மாதிரி வைத்தால் வெட்டு 600 கன அடிதான். பாதி மண் மிச்சம். வெட்டின் உயரமும் 4 அடியிலிருந்து 2 அடியாகக் குறைகிறது. மண் மிச்சமாவதைவிட இதுதான் பெரிய லாபம்.

காரணம், தாங்குசுவர்மேல் மண் தள்ளும் விசை உயரத்தின் இருமடிப்படி கூடும். கவிழ்க்கும் வலிமை மும்மடிப்படி கூடும். சுவர் உயரத்தை இரட்டிப்பாக்கினால் தள்ளல் 4 மடங்கு, கவிழ்ப்பு 8 மடங்கு. 4 அடிச் சுவரை நன்றாகக் கட்டிய மேஸ்திரி, அதே அனுபவத்தில் 8 அடிச் சுவரையும் கட்டிவிடலாம் என்று இறங்குவது இந்த எண்களைத் தெரியாததால்தான். கல்லை இரண்டு மடங்கு போட்டால் போதும் என்று நினைப்பார்.

இதில் தண்ணீரைச் சேருங்கள். 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் காய்ந்த மண் இருந்தால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2.7 டன் தள்ளல். பின்னால் நீர் நிறைந்துவிட்டால் அது 6 டன்னை நெருங்கும். சுவர் மழையில்தான் விழுகிறது என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

ஆகவே தாங்குசுவரில் பார்க்க வேண்டியது தடிமனுக்கு முன்னால் வடிகால். சுவரின் பின்னால் ஒரு அடி அகலத்துக்காவது கருங்கல் ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி, 3 அல்லது 4 அங்குல பிவிசி குழாயில் வீப் ஹோல் (சுவரின் பின்னாலிருக்கும் நீர் வெளியேறும் துளை) ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, அடியில் நீரைச் சேர்த்து வெளியே கொண்டுபோக ஒரு குழாய். துணி இல்லாவிட்டால் இரண்டு மழையில் ஜல்லிக்குள் செம்மண் அடைத்துக்கொள்ளும். பிறகு வீப் ஹோல் சுவருக்குப் போட்ட அலங்கார ஓட்டைதான். பூச்சு வேலை செய்கிறவர் "அசிங்கமாக இருக்கிறது" என்று வீப் ஹோலைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போவதும் நடக்கும்.

கம்பிவலைப் பெட்டிகளில் கருங்கல் நிரப்பி அடுக்கும் கேபியன் சுவருக்கு இந்தத் தொல்லை குறைவு. நீர் தானாகவே வடிந்துவிடும், அடிமண் கொஞ்சம் இறங்கினாலும் சுவர் வளைந்து கொடுக்கும். பார்வைக்குக் கரடுமுரடு என்பதால் வாங்குபவர்களுக்குப் பிடிப்பதில்லை. என்னைக் கேட்டால், ஓடையை ஒட்டிய எல்லைக்குக் கான்கிரீட் சுவரைவிட அதுதான் பொருத்தம். மலைப்பகுதித் தாங்குசுவர்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 14458 இருக்கிறது. எந்த உயரத்துக்கு எந்த வகைச் சுவர் என்பதில் தொடங்கி அதில் வழிகாட்டுகிறார்கள்.

வெட்டும் வேலை நடக்கும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 மார்ச் 31 அன்று புதுச்சேரி மரப்பாலம் வசந்த் நகரில் வாய்க்கால் பணி நடந்தபோது பக்கத்து மதில் சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அது சமதளம். சுவர் அடியில் மண்ணை எடுத்தால் சமதளத்திலேயே அப்படி என்றால், மேலே வீடும் கீழே வெட்டுமாக இருக்கும் சரிவில் சொல்ல வேண்டியதில்லை. இதே கடலூர் மணற்கல்லை நெய்வேலியில் சுரங்கத்துக்காக வெட்டுகிறார்கள். ஒரே செங்குத்தாக அல்ல, படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் அகலம் விட்டு. நிலத்தடி நீரையும் இடைவிடாமல் இறைத்துக்கொண்டே.

லேஅவுட்டை எந்த வரிசையில் வரைய வேண்டும்?

சமதளத்தில் வழக்கம் இது: எல்லையைப் போடு, நடுவில் நேர் சாலை போடு, இரு பக்கமும் மனை வெட்டு, மீந்த மூலையைப் பூங்கா என்று காட்டு, வடிகாலைக் கடைசியில் சாலையோரம் வரைந்துகொள். சரிவில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

1. முதலில் ஓடை. மழைநீர் இப்போது எந்த வழியாக இறங்குகிறது என்று நிலத்தில் நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் சிறு பள்ளமும் இதில் சேர்த்திதான். வருவாய்ப் பதிவில் ஓடைப் புறம்போக்கு என்று இல்லாவிட்டாலும் தண்ணீர் பதிவைப் பார்த்து ஓடாது. அந்தப் பள்ளங்களையும் அவற்றின் இரு கரைகளையும் தொடாமல் விட வேண்டும். ஓடைக்கரை பின்னால் நகரும் என்பதால் இன்றைய கரையோடு ஒட்டி அல்ல, தள்ளி. திறந்தவெளியாக ஒதுக்க வேண்டிய 10 விழுக்காட்டை மூலையில் ஒளித்துவைக்காமல் இந்த ஓடைகளோடு சேர்த்து நீளவாக்கில் அமைத்தால் பூங்காவுக்கும் பயன், நீருக்கும் வழி.

2. அடுத்தது விளிம்பு. மேட்டின் சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் இடம். காற்றும் கடல் பார்வையும் அங்கேதான் கிடைக்கும் என்பதால் விலையும் அங்கேதான் அதிகம். மண் முதலில் பிளப்பதும் அங்கேதான். விளிம்பில் நடைபாதையும் மரமும் போதும், வீடு உள்ளே தள்ளி இருக்கட்டும்.

3. பிறகு சாலை. சரிவான நிலத்தில் சாலையின் ஏற்றம் வழக்கமாக 6 விழுக்காடு, தவிர்க்க முடியாத இடத்தில் 8 விழுக்காடு என்று சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வரையறுக்கிறது. 20 விழுக்காட்டுச் சரிவில் 30 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்றால் நேராகப் போட்டால் 150 மீட்டரில் முடிந்துவிடும். 8 விழுக்காட்டில் வளைத்து ஏறினால் 375 மீட்டர். கூடுதல் 225 மீட்டர், 7 மீட்டர் அகலத்தில் சுமார் 39 சென்ட் நிலம். விற்க முடியாத 39 சென்ட். புரோமோட்டர்கள் நேர்சாலையை விரும்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் சரிவில் நேராக இறங்கும் சாலை மழையில் வாய்க்கால். விநாடிக்கு வரும் அந்த 450 லிட்டரும் அதன் வழியாக வேகமெடுத்துக் கீழ்முனை வீட்டு வாசலில் போய் முட்டும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் ஏற வேண்டும் என்பதையும், வயதானவர்கள் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வளைந்த சாலைக்குப் போகும் நிலம் வீண் இல்லை.

4. சாலை சமஉயரக் கோட்டை ஒட்டிப் போனால் அதன் மலைப்பக்க ஓரத்தில் ஒரு கான்கிரீட் வடிகால். மேலிருந்து வரும் நீரை அது வாங்கிக்கொள்ளும். குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சாலைக்கடியில் குழாய் வைத்துப் படிப்படியான கற்கால்வாய் வழியாக ஓடையில் இறக்க வேண்டும். குழாய் முடியும் இடத்தில் கருங்கல் பரப்பாவிட்டால் அங்கே முதல் மழையிலேயே புதிய பள்ளம் பிறக்கும்.

5. கடைசியில் மனை. அகலமான பக்கம் சமஉயரக் கோட்டோடு. மேலே சொன்ன 30-க்கு 40 மனையையே திருப்பிப் போட்டு 30 அடி சரிவோடு இறங்கும்படி வைத்தால் 8 அடி வித்தியாசம் 6 அடியாகிவிடும். செலவில்லாத மாற்றம். எல்லா மனையும் ஒரே அளவு என்ற பிடிவாதத்தையும் விட வேண்டும். சரிவு கூடும் இடத்தில் மனை பெரிதாக, எண்ணிக்கை குறைவாக.

வரிசையாக இறங்கும் மனைகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேல்வீட்டின் எடை கீழ்வீட்டுத் தாங்குசுவர்மேல் கூடுதல் சுமை. அந்தச் சுவர் யாருடையது, பராமரிப்பது யார், வீப் ஹோல் தண்ணீர் யார் மனையில் விழும்? லேஅவுட் போடும்போதே புரோமோட்டர் எல்லாச் சுவர்களையும் ஒரே வடிவமைப்பில் கட்டி, நலச்சங்கத்தின் பொதுச்சொத்தாகப் பத்திரத்தில் எழுதிவிட்டால் இந்தச் சண்டை இல்லை. அவரவர் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால் மேல்வீட்டுக்காரர் ஹாலோ பிளாக்கிலும் கீழ்வீட்டுக்காரர் கருங்கல்லிலும் கட்டுவார்கள்.

மழைநீர் சேகரிப்பில் ஒரு முரண்

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் சரிவில் அதை எங்கே தோண்டுகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை. தாங்குசுவருக்கு நாலடி பின்னால் உறிஞ்சுகுழி தோண்டினால், சுவருக்குப் பின்னால் தண்ணீரைச் சேர்க்காதே என்று இவ்வளவு நேரம் பார்த்ததற்கு நேர் எதிரான வேலையை நாமே செய்கிறோம். அதே தவறு செப்டிக் டேங்கின் கழிவுநீரை மண்ணில் விடுவதிலும், கசியும் சம்ப்பிலும், விளிம்பில் கட்டும் நீச்சல் குளத்திலும் உண்டு. மழை வருடத்தில் மூன்று மாதம்தான், கழிவுநீர் 365 நாளும்.

தீர்வு: சேகரிப்பை வீட்டுக்கு வீடு சிதறவிடாமல், மேட்டின் சமதளப் பகுதியில் உள்ளே தள்ளி ஒரு பொதுக்குளமாக அமைப்பது, அல்லது சரிவு முடியும் அடிவாரத்தில் சேகரிப்பது. சரிவிலேயே இருக்கும் வீடுகள் கூரைநீரை மூடிய தொட்டியில் பிடித்துப் பயன்படுத்தலாம். மிச்சத்தைக் குழாயில் இறக்க வேண்டும். கழிவுநீருக்கு மூடிய குழாய்வழி, அடிவாரத்தில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம். சரிவு இருப்பதால் பம்பு தேவையில்லை, நீர் தானாக இறங்கும். சரிவு தரும் அபூர்வமான இலவசம் இது.

சரிவு முகத்தைக் காக்க வெட்டிவேர் நல்ல தேர்வு. கடலூர்க் கடலோரத்தில் பயிராகும் அதே வெட்டிவேர்தான். வேர் படராமல் நேராகக் கீழே இறங்கும், நல்ல மண்ணில் 3 மீட்டர்வரை. சமஉயரக் கோட்டில் வரிசையாக நட்டால் மேல்மண் அரிக்காது. ஆழத்திலிருந்து மண் சரிவதை வெட்டிவேர் நிறுத்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சுவருக்கு மாற்று இல்லை.

வீட்டின் அஸ்திவாரம்

வெட்டிய பாதியில் ஒரு தூணும் நிரப்பிய பாதியில் இன்னொரு தூணும் நின்றால், நிரப்பிய பக்கம் இறங்கும், வீட்டுச் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். ஜேசிபியால் கொட்டி மிதித்த மண் நிரப்பு மண்ணே அல்ல. 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அடர்த்தியைச் சோதித்தால்தான் கணக்கில் சேரும். அப்போதும் தூண்களை நிரப்பைத் தாண்டிப் பழைய மண்ணில் ஊன்றுவதே பாதுகாப்பு.

சரிவோரம் அஸ்திவாரம் வைப்பதற்கு ஐ.எஸ். 1904 சில எல்லைகள் வைத்திருக்கிறது. ஃபுட்டிங்கின் (தூணின் அகன்ற அடிப்பாகம்) கீழ் ஓரத்திலிருந்து சரிவுமுகம்வரை கிடைமட்டமாக, மண்ணாக இருந்தால் குறைந்தது 90 சென்டிமீட்டர், பாறையாக இருந்தால் 60. அந்த ஓரத்திலிருந்து 30 டிகிரியில் கீழ்நோக்கி இழுக்கும் கோட்டைச் சரிவுமுகம் வெட்டவும் கூடாது. நம்மூர் மணற்கல்லைப் பாறைக் கணக்கில் சேர்க்கத் துடிப்பவர்கள் உண்டு. நனைந்தால் கையில் உதிர்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்?

தமிழ்நாட்டின் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் பட்டியலிட்ட மலைக் கிராமங்களில் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயரமான மலைகளை மனதில் வைத்த ஏற்பாடு அது. புதுச்சேரி வேறு நிர்வாகம், அங்கே தனி நகரக் குழுமம், தனி விதிகள். சில பத்து மீட்டர் உயரமுள்ள செம்மண் மேட்டில் லேஅவுட் அங்கீகாரம் சாலை அகலம், திறந்தவெளி, மனை அளவு என்று சமதளக் கேள்விகளையே பெரும்பாலும் கேட்கிறது. அங்கீகாரம் இருப்பதால் சரிவு பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. வெட்டிய செம்மண்ணை வெளியே கொண்டுபோய் விற்கக் கனிமவளத் துறையின் அனுமதி தேவை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு பிடி தருகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் புரோமோட்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தாங்குசுவரும் வடிகாலும் திட்டத்தின் பகுதி என்று ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதியிருந்தால்தான் பின்னால் வாதாட வசதி. "மேம்பாட்டுப் பணிகள்" என்ற ஒற்றைச் சொல் போதாது.

மனை பார்க்கப் போகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள் மூன்று: சமஉயரக் கோட்டு வரைபடம், உங்கள் மனைக்கு அருகில் எடுத்த மண் பரிசோதனை அறிக்கை, தாங்குசுவருக்குப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம். அப்புறம், ஒரு தடவையாவது கார்த்திகை மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். சாலையில் செம்மண் எங்கே படிந்திருக்கிறது, சுவரின் வீப் ஹோலில் தண்ணீர் வருகிறதா, வந்தால் தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா என்று கவனியுங்கள். தெளிந்த நீர் வந்தால் வடிகால் வேலை செய்கிறது. கலங்கல் வந்தால் சுவருக்குப் பின்னாலிருக்கும் மண்ணும் கூடவே வெளியேறுகிறது. மழைக்குப் பிறகும் வீப் ஹோல் காய்ந்து கிடந்தால், ஜல்லி அடைத்துக்கொண்டதா என்று பொறியாளரை வைத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கலாம்.